புட்டு என்று கூப்பிட்டால்

புதுச் சோப்பின் காகிதத்தைப் பிரித்ததும் ஸரஸா முதலில் அதை முகர்ந்து பார்ப்பாள். பிறகு தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அதன் முனையால் சோப்பின் மேல் இரண்டு கன்னட எழுத்துக்களைக் கீறுவாள். 'புட்டு'. நாலு குளியலில் எழுத்து கரைந்துவிடும். ஐந்தாம் நாள் காலை கிணற்றடியில் ஈரத் தலையோடு நின்று மறுபடியும் கீறிக்கொண்டிருப்பாள்.

சோப்பு மட்டுமில்லை. குடைக் காம்பு, சீப்பு, டிபன் டப்பாவின் மூடி, செருப்பின் உட்புறம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துப் போகும் துணிப்பையின் வார், எல்லாவற்றிலும் அந்த இரண்டு எழுத்து உண்டு. "யாராவது எடுத்துண்டு போயிடப் போறாளேன்னா?" என்று ஒரு நாள் கேட்டேன். "எடுத்துண்டு போகட்டும் ஸார். என்னதுன்னு தெரிஞ்சு எடுத்துண்டு போகட்டும்" என்றாள்.

மைசூர் அக்ரஹாரத்தில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் என் மனைவி மீனாக்ஷியும் ஏழு வருஷமாகக் குடியிருக்கிறோம். நான் பினாங்கில் பிறந்தவன். யுத்தம் முடிந்ததும் கப்பலேறி வந்து ரயில்வேயில் குமாஸ்தாவானவன். முன்கட்டில் ஸரஸாவின் அப்பா நரசிம்மமூர்த்தி, அண்ணா சம்பத்குமார், மன்னி பாக்கியலட்சுமி. மேலுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நாலைந்து தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும்.

ஸரஸாவுக்கு வயது முப்பத்துநாலு. கல்யாணம் இரண்டு தடவை நிச்சயமாகி நின்றுபோயிற்று. மூன்றாவது தடவை யாரும் பேச்செடுக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் காதில் குழாயை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்காருகிறாள். அங்கே அவள் 'மிஸ் ஸரஸா'. ஆனால் வீட்டில் புட்டு, தெருவில் புட்டு, பால்காரனுக்கும் புட்டு. கன்னடத்தில் புட்டு என்றால் சின்னஞ்சிறிசு. கடைக்குட்டியை அப்படிக் கூப்பிடுவார்கள். வளர்ந்த பிறகு சிலருக்கு உதிர்ந்துவிடும். இவளுக்கு உதிரவில்லை. உதிர விடவில்லை என்பதுதான் சரி.

அதற்குக் காரணம் அவளுடைய அப்பா. சர்வே இலாகாவில் டிராப்ட்ஸ்மனாக இருந்தவர். மயிரிழைக் கோடுகளை முப்பது வருஷம் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. இப்போது அதில் புரையும் விழுந்திருக்கிறது. அவர் நாளைக்கு நாற்பது தடவை 'புட்டு' என்று கூப்பிடுவார். கண்ணாடி எங்கே என்பதற்கு ஒன்று, மழை வருகிறதா என்பதற்கு ஒன்று. அவள் ஓடி வந்து "என்னப்பா?" என்றால் பாதி நேரம் "ஒண்ணுமில்லேம்மா, சும்மாத்தான்" என்பார். அவள் முகம் சுளிக்காமல் திரும்பிப் போவாள். அடுத்த தடவையும் ஓடி வருவாள்.

பொறாமைக்காரி என்று நான் எழுதுவதால் ஸரஸா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளே சொல்வாள்: "எனக்கு ஹொட்டெகிச்சு ஜாஸ்தி ஸார்." ஹொட்டெகிச்சு என்றால் வயிற்றில் எரியும் நெருப்பு. எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். அப்பா எங்கள் வீட்டு ரசத்தை ஒரு தரம் மெச்சினார் என்று மீனாக்ஷியோடு பத்து நாள் பேசவில்லை. அப்பாவுக்குச் சாயங்காலம் நான் பேப்பர் படித்துக் காட்டுகிறேன் அல்லவா, அதற்காக என்மேலும் உண்டு. வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு என்ன படிச்சேள்? அப்பா சிரிச்சாரா?" என்று விசாரிப்பாள். சிரித்தார் என்றால், எந்த இடத்தில் என்று கேட்பாள். ராத்திரி சாப்பாட்டின்போது அதே இடத்தை அவள் மறுபடி படித்துக் காட்டுவது எங்களுக்குக் கேட்கும்.

அந்தப் பேர் உலகத்தில் தனக்கு மட்டும் இல்லை என்பது அவளுக்கு நெடுநாள் வருத்தம். எக்ஸ்சேஞ்சில் ஒரு பாலக்காட்டுப் பெண் மூங்கில் குழாயில் அவித்த புட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்து, "இன்னைக்கு உன்னைத்தான் தின்னப் போறேன்" என்று சொல்லப்போக, அவளோடு பேச்சு நின்றது. விஷயம் தெரியாமல் நானும் ஒரு நாள் பினாங்குக் கதையை எடுத்துவிட்டேன். அங்கே காலை வேளையில் சைக்கிளில் கூடையை வைத்துக்கொண்டு 'புத்து மாயம்' என்று கூவி வருவார்கள், ஓடிப்போய் வாங்கினால் நம்முடைய இடியாப்பம், மேலே தேங்காயும் வெல்லச் சர்க்கரையும் தூவியிருக்கும் என்றேன். மலாய்க்காரர்கள் மூங்கிலில் பச்சை நிறமாக அவிக்கும் பலகாரத்துக்கும் புத்து என்றுதான் பேர் என்றேன். ஸரஸா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"என் பேரை சைக்கிள்ல வெச்சு விக்கறாளா?" என்றாள்.

"உங்க பேர் இல்லையே. அது வேற வார்த்தை."

"கூப்பிட்டா ஒரே மாதிரிதானே ஸார் கேக்கும்?"



தங்கைக்கு ஆகட்டும் என்று காத்திருந்த சம்பத்குமார் முப்பத்தைந்து வயதில், இனிக் காத்திருந்து பயனில்லை என்று கல்யாணம் செய்துகொண்டார். பெண் கும்பகோணம். பாக்கியலட்சுமி நல்ல மாதிரி, சிரித்த முகம். வந்த அன்றே, மாமனார் "புட்டு" என்று கூப்பிட, உள்ளிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "எங்க ஊர்ல அதைத் திம்போம்" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை, அரிசி மாவை வறுத்து, உப்பு நீர் தெளித்துப் பிசிறி, ஆவியில் அவித்து, வெல்லப் பாகு விட்டு, ஏலக்காயும் தேங்காயும் போட்டு உதிர் உதிராகப் புட்டு பண்ணினாள். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நரசிம்மமூர்த்தி இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "புட்டுன்னா இதுன்னா புட்டு" என்றார்.

அவர் பலகாரத்தைத்தான் சொன்னார். ஸரஸா தன் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, அன்றைக்கு லீவு என்பதை மறந்து எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்பிப் போனாள். இன்றுவரை அந்தப் பலகாரத்தை அவள் தொட்டதில்லை.

போன வருஷம் தேர்தல் நடந்த மாதத்தில் பாக்கியலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸத்யபாமா என்று பேரிட்டார்கள். குழந்தையைத் தாத்தாவின் மடியில் கிடத்தினார்கள். அவர் அதன் முகத்தருகே குனிந்து, தெரியாத கண்ணால் தேடிப் பார்த்து, "வாடி என் புட்டு" என்றார்.

கூடத்தில் இருந்த யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. எனக்கும்தான். ஸரஸா கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் வந்தபோது கிண்ணத்தை நீட்ட மறந்து நின்றாள். நானே கையை விட்டு எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் அந்தக் குழந்தையைத் தொடவில்லை. குளிப்பாட்ட வெந்நீர் போட்டுத் தருவாள், துணி உலர்த்துவாள், அழுதால் "மன்னி, அழறது பாருங்கோ" என்று குரல் கொடுப்பாள். தூக்க மாட்டாள். "எனக்குக் குழந்தை பிடிக்கத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டாள்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம். ஒரு மாலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஸரஸா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கிழவர் பேப்பரை நிறுத்தச் சொல்லிக் கையமர்த்திவிட்டு, "புட்டு, இங்க வாம்மா" என்றார். ஸரஸா சோப்பு நுரை காதோரம் ஒட்டியிருக்க ஓடி வந்தாள். அவருடைய இரண்டு கைகளும் முழங்கால் உயரத்தில் நீண்டிருந்தன.

"என்னப்பா?"

"நீ இல்லேம்மா. குட்டி எங்கே?"

ஸரஸா நீண்டிருந்த கைகளைப் பார்த்தாள். முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டாள். "தூங்கறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து யாரும் தன்னைப் புட்டு என்று கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டாள். பால்காரனிடம் சொன்னாள். எங்களிடம் சொன்னாள். பூக்கார மாதம்மாவையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். மாதம்மா கொள்ளேகாலத்துக்காரி. "இருவது வருசமாப் புட்டக்கான்னு கூப்புட்ட வாயிங்க்கா இது. ஸரஸக்கான்னா யாரோ வாத்திச்சியக் கூப்புடற மாதிரி இருக்குதுங்க" என்றாள். "அப்படின்னா கூப்பிடவே வேண்டாம்" என்று சொல்லிப் பூ வாங்காமல் உள்ளே வந்துவிட்டாள் ஸரஸா. கிணற்றடியில் சோப்பு எழுத்தில்லாமல் வழவழவென்று கிடந்தது. பெங்களூர் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் கேட்டு மனுவும் போட்டாள். அண்ணாவிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றாள்.

சமையலறையில் ஒரு நாள் அது வெடித்தது. எங்கள் சுவருக்கு அந்தப்புறம்தான் சமையலறை.

"உன் குழந்தைக்கு வேற பேரே கிடைக்கல்லையா மன்னி?"

"நான் வெச்சேனாக்கா? எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா? எங்கம்மா காதுல விழுந்தா சிரிப்பா, பலகாரத்தோட பேரைக் குழந்தைக்கு வெச்சிருக்கேளேன்னு. நான் பாமான்னுதான் கூப்பிடறேன். உங்கப்பாகிட்ட நீங்கதான் சொல்லுங்கோ."

"நான் எப்படிச் சொல்றது?"

"ஏன், சொன்னா என்ன?"

அம்மியில் குழவி உருளும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

குழந்தைக்கு ஆண்டு நிறைவு வந்தது. ஹோமம் முடிந்து, இலை எடுத்து, வந்தவர்கள் போன பிறகு கிழவர் சம்பத்குமாரிடம் சாவி கொடுத்துப் பழைய பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு சின்ன வெள்ளி டம்ளர் வந்தது. கறுத்துப்போயிருந்தது. பாக்கியலட்சுமி சாம்பல் போட்டுத் துலக்கினாள். நடுவில் இரண்டு எழுத்து வெட்டியிருந்தது. புட்டு.

"குட்டிக்குக் கொடு" என்றார் கிழவர். "பேர் வெட்டற வேலைகூட இல்லே."

ஸரஸா தூணோரமாக நின்றிருந்தாள். "அது என்னோடது" என்றாள்.

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். வழியில் அவள் நின்றாள்.

"அது என் டம்ளர். பேரையும் கொடுத்தாச்சு, இப்போ இதையும் கொடுக்கறேளா? எனக்குன்னு இந்த வீட்டுல எதை விட்டு வைக்கப் போறேள்?"

"ஸும்னே இரு புட்டு, குழந்தை பயந்துக்கப் போறது" என்று சம்பத்குமார் அடக்கப் பார்த்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரசிம்மமூர்த்தி டம்ளரை வாங்கி விரலால் எழுத்தைத் தடவினார். "அது உன்னது இல்லேம்மா" என்றார்.

"பின்னே யாரோடது?"

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாள். ருக்மிணின்னு பேர். உங்கம்மா அவளைத்தான் புட்டுன்னு கூப்பிடுவாள். இந்த டம்ளர் அவளுக்குப் பண்ணினது. ஊர் பூரா ஜுரம் வந்து வீட்டுக்கு வீடு ஜனங்கள் போன வருஷம் அவளும் போயிட்டாள். மூணு வயசு. அடுத்த வருஷம் நீ பொறந்தே."

முப்பத்துமூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் ஸரஸாவிடம் இதைச் சொன்னதில்லை. அம்மா அவளுடைய ஒன்பதாவது வயதில் போய்விட்டாள். சம்பத்குமார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது.

செத்துப்போன குழந்தைக்காக அழுவாள் என்று நான் நினைத்தேன். ஸரஸா கேட்டது வேறு.

"அவளையும் இப்படித்தான் கூப்பிடுவேளா? இதே குரல்லதானா?"

கிழவர் டம்ளரை இரண்டு கைக்குள்ளும் மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை. அப்போ எங்கப்பா இருந்தார். பெரியவா எதிர்ல நம்ம குழந்தையை நாமே பேர் சொல்லிக் கூப்பிடறது, தூக்கி வெச்சுக்கறது எல்லாம் வழக்கமில்லை. மாசக் கணக்கா முகாம் வேற. ஹாஸன் பக்கம் கூடாரத்துல இருந்தேன். தந்தி வந்தது. நான் வந்து சேரறதுக்குள்ள எல்லாம் ஆயிடுத்து. மூணு வருஷம் இருந்தாள். ஒரு தடவைகூட என் வாயால கூப்பிடல்லை."

டம்ளரைத் தரையில் வைத்தார். அது சற்று ஆடி நின்றது.

"நீ பொறந்ததும் உங்கம்மா அந்தப் பேர் வேண்டாம்னாள். நான்தான் பிடிவாதமா வெச்சேன். கூப்பிட்டுண்டே இருந்தேன். நீ எப்பக் கூப்பிட்டாலும் வந்தே."

ஸரஸா உட்கார்ந்துவிட்டாள். டம்ளரை எடுத்துப் பார்த்தாள். குழந்தையிடம் கொடுக்கவில்லை, தானும் வைத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் கொண்டுபோய் வைத்துப் பூட்டி, சாவியை அப்பாவின் கையில் கொடுத்தாள். குழந்தை வேறு டம்ளரில்தான் பால் குடிக்கிறது.

அதோடு அவள் மாறிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாள் காலையே சம்பத்குமாரை விசாரிக்க ஆரம்பித்தாள். "உனக்கு அப்போ நாலு வயசுக்கு மேல இருக்குமே. அவள் எப்படி இருந்தாள்? என்னைவிடச் சிவப்பா?" அவர் யோசித்து, "கையைக் கடிப்பாள். வேற ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்றார். "அப்பாவையும் கடிச்சிருக்காளா?" என்று கேட்டாள். இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் காபியைக் குடித்தாள். உயிரோடு இருப்பவர்கள் போதாதென்று இப்போது முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போன மூன்று வயதுக் குழந்தையும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆனாலும் அன்று சாயங்காலம் மாதம்மாவிடம் இரண்டு முழம் கதம்பம் வாங்கினாள். ஒரு முழம் தலைக்கு. மற்றொரு முழத்தைப் பழைய பெட்டியின் மேல் வைத்தாள். மாதம்மா, "புட்டக்கான்னே கூப்புடட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "பின்னே எப்படிக் கூப்பிடுவே?" என்றாள்.

பெங்களூர் மாற்றல் உத்தரவு அந்த மாதக் கடைசியில் வந்தது. அவள் போகவில்லை. காரணம் எழுதித் தரச் சொன்னார்களாம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஆபரேஷன் ஒன்றும் ஏற்பாடாகியிருக்கவில்லை. பிறகு, எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று டாக்டரிடம் அழைத்துப் போனாள். வருகிற தை மாதம் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"கண் தெரிஞ்சுட்டா அப்பா அவ்வளவு கூப்பிட மாட்டாரோ என்னமோ" என்றாள் என்னிடம். பயமாகத்தான் சொன்னாள்.

கிழவர் இப்போது இரண்டு பேரையும் அதே பேரால்தான் கூப்பிடுகிறார். யாரைக் கூப்பிடுகிறார் என்பது சில சமயம் அவருக்கே நிச்சயமில்லை என்று தோன்றுகிறது. லீவு நாட்களில் ஸரஸா எண்ணுகிறாள். "இன்னிக்கு எனக்குப் பதினாறு, அவளுக்கு இருபத்துமூணு ஸார்" என்று பேப்பர் படிக்கப் போகும்போது வாசலிலேயே சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் எண்ணிக்கை தப்பாது. பாக்கியலட்சுமியிடம் கேட்டு நான் சரிபார்த்திருக்கிறேன்.

குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயதாகிறது. நன்றாக ஓடுகிறது. ஸரஸா அதற்குச் சாதம் பிசைந்து கிண்ணத்தில் வைப்பாள், ஊட்டுவது பாக்கியலட்சுமி. கவுனுக்குப் பொத்தான் தைத்துத் தருவாள், போட்டுவிடுவது பாக்கியலட்சுமி. அத்தையின் அருகில் வந்து உட்காரக் குழந்தை பழகிவிட்டது. அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஸரஸா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முற்றத்து வெயிலில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை ஒரு தகர மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கூடத்திலிருந்து நரசிம்மமூர்த்தியின் குரல் வந்தது.

"புட்டு."

குழந்தை மூடியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஊன்றி எழுந்தது. கூடத்துப் பக்கம் திரும்பி ஓரடி வைத்தது. ஸரஸா கையை நீட்டி அதன் கவுன் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். குழந்தையால் நகர முடியவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தது.

"வந்துட்டேம்ப்பா" என்று ஸரஸா கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பிடித்த பிடியை விடவில்லை.